அறுபத்திரண்டு, முதல் வகுப்பு

1

காலை ஐந்து மணி பன்னிரண்டு நிமிடம். முதலில் கண்ணில் பட்டது சமையலறை மேசைமேல் திறந்து கிடந்த மடிக்கணினி. அதன் வெளிச்சம் கொல்லைப்பக்கக் கண்ணாடிக் கதவில் விழுந்திருந்தது. கதவுக்கு வெளியே பனிமூட்டம். அதற்குள் இன்னொரு மடிக்கணினி, மேசை இல்லாமல், தரையிலிருந்து மூன்றடி உயரத்தில் மிதந்துகொண்டிருந்தது.

விழுப்புரத்திலிருந்து கலிபோர்னியாவுக்குத் திரும்பி இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. விழுப்புரத்தில் அப்போது மாலை ஆறே முக்கால். என் உடம்பு அந்த மாலைக்குள்தான் இருந்தது. பசித்தது. தேநீர் போடலாம் என்று வந்தவன், பாலைக் கையில் வைத்துக்கொண்டு திரையைப் படித்தேன்.

விண்ணப்பதாரர்: ஜெசிந்தா அருள். வயது: பதினாறு. நிலை: தகுதி இல்லை. காரணம்: ஆங்கிலக் கட்டுரைப் பாடத்தில் சேர உயர்நிலைப் பள்ளிச் சராசரி எண்பதுக்குக் குறையக் கூடாது. உங்கள் பள்ளி அனுப்பிய சான்றில் சராசரி 69.25. மேல்முறையீடு இருந்தால் வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள்.

உங்கள் பள்ளி என்பது எங்கள் வீடு. அந்தப் பள்ளிக்குத் தலைமை ஆசிரியர் நான்.

மகள் யாரையும் எழுப்பவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு படுத்திருந்தாள். எழுந்ததும் நான் பார்க்கும் இடத்தில் கணினியைத் திறந்து வைத்துவிட்டுப் போயிருந்தாள். திரை அணையாமல் இருக்க அமைப்பையும் மாற்றியிருந்தாள்.

2

ஊரில் இருப்பவர்களுக்கு இதைச் சற்று விளக்க வேண்டும்.

இங்கே பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே படிக்கவைக்கச் சட்டம் இடம் தருகிறது. ஆண்டுக்கு ஒரு முறை மாநில அரசின் இணையதளத்தில் ஒரு படிவம் நிரப்பினால், வீடு ஒரு தனியார் பள்ளி ஆகிவிடும். பள்ளியின் பெயர், மாணவர் எண்ணிக்கை, ஆசிரியர் எண்ணிக்கை, தலைமை ஆசிரியர் பெயர். எங்கள் பள்ளியில் மாணவர் ஒன்று, ஆசிரியர் ஒன்று.

அந்த ஆசிரியர் என் மனைவி ஸ்டெல்லா. கோலியனூர்க்காரி. திண்டிவனத்தில் ஒரு கான்வென்ட் பள்ளியில் ஆறு வருடம் பாடம் எடுத்தவள். அந்தப் படிப்பும் அனுபவமும் இங்கே செல்லவில்லை. நாங்கள் இருக்கும் பள்ளத்தாக்கு முழுவதும் பாதாம் தோட்டம். அறுவடைக் காலத்தில் மரத்தை இயந்திரம் பிடித்து உலுக்கும்போது எழும் தூசி ஊரைவிட்டுப் போக ஒன்றரை மாதம் ஆகும். ஜெசிந்தாவுக்குப் பன்னிரண்டு வயதில் மூச்சிரைப்பு வந்து ஆறு வாரம் பள்ளி போகவில்லை. அந்த ஆறு வாரம் ஸ்டெல்லா வீட்டில் பாடம் எடுத்தாள். ஏழாவது வாரமும் எடுத்தாள். இப்போது நான்கு வருடம்.

படிவத்தை நிரப்பியது நான். தலைமை ஆசிரியர் என்ற கட்டத்தில் என் பெயரைப் போட்டேன். வீட்டில் கையெழுத்துப் போடுகிறவன் நான் என்பதைத் தவிர அதற்குக் காரணம் இல்லை.

வீட்டில் படிக்கிற பதினைந்து பதினாறு வயதுப் பிள்ளைகள் பக்கத்துக் கம்யூனிட்டி காலேஜில், அதாவது உள்ளூர்க்காரர்களுக்கான இரண்டாண்டு அரசுக் கல்லூரியில், ஒன்றிரண்டு பாடம் எடுப்பது இங்கே வழக்கம். அதில் தேறினால் பள்ளிப் படிப்புக்கும் அது கணக்கு, பின்னால் பல்கலைக்கழகத்துக்குப் போகும்போதும் கணக்கு. போன பருவத்தில் ஜெசிந்தா நிலவியல் எடுத்தாள். அதற்கு மதிப்பெண் சான்று கேட்கவில்லை. வாரம் இரண்டு நாள் நான்தான் கொண்டுபோய் விடுவேன். பாதாம் ஆலையில் எனக்குப் பத்து மணிக்குத்தான் வேலை. வந்து இறங்கும் மூட்டைகளின் ஈரப்பதத்தை அளந்து பதிவு செய்கிறவன் நான். அதுவரை கல்லூரி வாகன நிறுத்தத்தில், கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கிவிட்டு, தூக்கத்துக்கும் விழிப்புக்கும் நடுவில் கிடப்பேன். பனியில் எதிரே நிற்கும் வண்டிகூடத் தெரியாது. கதவு சாத்தும் ஓசை மட்டும் எங்கிருந்தோ வரும். திண்டிவனம் பேருந்து நிலையத்தில் விடியற்காலை முதல் வண்டிக்காகக் காத்திருந்த நாட்களில் இருந்த அதே கனம் கண்ணிமையில் இருக்கும். அங்கே நான் ஒரு நாளிதழின் பகுதி நிருபன். செய்தியை உறையில் போட்டு விழுப்புரம் போகும் பேருந்தின் நடத்துநரிடம் கொடுத்தனுப்பிய கடைசித் தலைமுறை.

இந்தப் பருவத்தில் அவள் கேட்டது ஆங்கிலக் கட்டுரை. மேலே எடுக்கும் பாதிப் பாடங்களுக்கு அதுதான் வாசல். ஆனால் அவள் சொன்ன காரணம் வேறு.

"அம்மாவத் தவிர வேற யாராச்சும் நான் எழுதுனதப் படிக்கணும்ப்பா. நாலு வருசமா ஒருத்தருக்கே எழுதிக்கினு இருக்கேன்."

விழுப்புரத்தை அவள் பார்த்தது இரண்டே முறை. பேசுவது கோலியனூர்த் தமிழ். அவளுக்குத் தெரிந்த தமிழ் எல்லாம் ஒரே வாயிலிருந்து வந்தது.

3

அந்த 69.25 எங்கே பிறந்தது என்பதைச் சொல்ல வேண்டும்.

டிசம்பர் மாதம், விழுப்புரம், பிற்பகல் மூன்று பத்து. அப்பாவின் முதலாண்டு நினைவுத் திருப்பலி காலையில் முடிந்திருந்தது. அதற்காகத்தான் தனியாகப் போயிருந்தேன். என் தங்கை பிலோமினாவின் வீட்டு மாடி அறை. மழை விட்டுவிட்டுப் பெய்தது. எதிர்வீட்டில் கட்டியிருந்த கிறிஸ்துமஸ் நட்சத்திரம் நனைந்து ஒரு முனை மட்டும் தொங்கியது. ஜங்ஷனிலிருந்து ஒலிபெருக்கிக் குரல் மழைக்குள் வந்து கரைந்தது. எந்த ரயில், எத்தனையாவது நடைமேடை என்று பிடிபடாது. ஏதோ ஒன்று வந்துகொண்டிருக்கிறது என்பது மட்டும் தெரியும்.

கட்டிலில் அப்பாவின் தகரப்பெட்டி திறந்திருந்தது. நிலப் பத்திரம் தேடிய தங்கை அதில் என் கல்லூரி மதிப்பெண் பட்டியலைக் கண்டெடுத்து மேலே வைத்திருந்தாள். திண்டிவனத்தில் படித்த மூன்று வருடம், ஒரே தாளில். ஆங்கில இலக்கியம், முதன்மைப் பாடம்: 61. அந்த ஆண்டு வகுப்பில் அதுதான் முதல் மதிப்பெண். "அறுவதுக்கு மேல போட என் பேனா எழுதாதுப்பா, உனக்குத்தான் ஒண்ணு தவறி எழுதிடுச்சு" என்றார் பேராசிரியர். அரிசி ஆலையில் வேலை முடித்து வந்த அப்பா, தவிடு ஒட்டிய கையைத் துடைத்துவிட்டுத் தாளை வாங்கிப் பார்த்தார். "பரவால்ல" என்றார். அவர் வாயிலிருந்து என்னைப் பற்றி வந்த பெரிய சொல் அது. மறுநாள் ஆலையில் எல்லோருக்கும் இனிப்பு கொடுத்திருக்கிறார். அதை எனக்குச் சொன்னது ஆலைக்காரர்கள்.

ஸ்டெல்லாவின் செய்தி காலையிலேயே வந்திருந்தது. 'டிரான்ஸ்கிரிப்ட் இன்னைக்கு போடணும். ஸ்கூல் லாகின் உங்க பேர்ல இருக்கு. எழுந்ததும் பேசறேன்.'

அங்கே அப்போது நள்ளிரவு தாண்டியிருந்தது. எழுப்ப வேண்டாம் என்று நினைத்தேன். கல்லூரி கேட்ட மதிப்பெண் சான்றுப் படிவம் எளிதாகத்தான் இருந்தது. பாடத்தின் பெயர், எதிரே ஒரு கட்டம், நூற்றுக்கு எத்தனை. கணிதத்துக்கு 78 போட்டேன். அறிவியல் 71. வரலாறு 66. கட்டுரைக்கு வந்தபோது கொஞ்சம் யோசித்தேன். பெட்டிமேல் இருந்த தாளைப் பார்த்தேன். 62 போட்டேன்.

என்னைவிட ஒன்று கூட. அந்த ஒன்றைப் போட்டதும் தாளைத் திரைக்குப் பக்கத்தில் வைத்து இரண்டு எண்களையும் பார்த்தேன் என்பதையும் பதிவு செய்ய வேண்டும்.

"ண்ணா, இன்னா பண்ணிக்கினு இருக்க? சோறு ஆறுது" என்று பிலோமினா கீழேயிருந்து கூப்பிட்டாள். அனுப்பு என்ற பொத்தானை அழுத்திவிட்டு இறங்கினேன்.

பதினேழு வருடம் இந்த நாட்டில் இருக்கிறேன். இங்கே அறுபத்திரண்டு என்பது தோல்விக்கு ஒரு படி மேல் என்பது எனக்குத் தெரியும். கேட்டால் சொல்லியிருப்பேன். அந்த அறையில் அது தெரியவில்லை. மழை, பெட்டி, தாள், ஒலிபெருக்கி. அறுபதைத் தாண்டினால் முதல் வகுப்பு. மகளுக்கு முதல் வகுப்பு கொடுத்துவிட்டுச் சாப்பிடப் போனேன்.

4

செவ்வாய்க்கிழமை காலை அவளையும் அழைத்துக்கொண்டு கல்லூரி ஆலோசகரைப் பார்க்கப் போனேன். வழியெல்லாம் பனி. முன்னால் போகும் வண்டியின் சிவப்பு விளக்கு மட்டும் சாலை. நாற்பது நிமிடத்தில் அவள் பேசியது இரண்டு வாக்கியம்.

"கட்டுரைக்கு அறுவத்திரெண்டு போட்டீங்களேப்பா. எதப் படிச்சிட்டு போட்டீங்க?"

"மொத்தமா பாத்துத்தான்" என்றேன்.

அவள் கண்ணாடியில் படிந்த ஆவியில் விரலால் ஒரு கோடு போட்டு அதன் வழியே வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். கோட்டுக்கு வெளியேயும் வெள்ளைதான் இருந்தது.

ஆலோசகர் அறுபதை நெருங்கும் பெண். மேசையில் கள்ளிச்செடி ஒன்று. என் விளக்கத்தை முழுவதும் கேட்டார். எங்கள் ஊரில் அறுபது என்றால் என்ன என்பதைச் சொன்னபோது உண்மையாகவே ஆர்வத்தோடு குறிப்பெடுத்துக்கொண்டார். பிறகு சிரமமில்லாத குரலில் சொன்னார். "நீங்கள்தானே பள்ளி? புதுச் சான்று ஒன்று அனுப்புங்கள். இன்றைக்கே பதிவு செய்துவிடுகிறேன். நான்கு இடம் இருக்கிறது."

அந்த இடத்தில் சரி என்று சொல்லியிருக்க வேண்டும். நான் சொன்னது வேறு. பதிவான எண்ணை மாற்ற மாட்டேன் என்றேன். எண் தவறில்லை, அளவுகோல்தான் வேறு, ஆகவே சான்றின் அடியில் ஒரு குறிப்புச் சேர்க்கிறேன் என்றேன். அறுபதும் அதற்கு மேலும் முதல் வகுப்பு. எழுபத்தைந்தும் அதற்கு மேலும் தனிச்சிறப்பு.

அவர் ஜெசிந்தாவைப் பார்த்தார். ஜெசிந்தா கள்ளிச்செடியைப் பார்த்தாள். குறிப்போடு வந்தால் குழுவுக்கு அனுப்ப வேண்டியிருக்கும், ஒரு நாள் ஆகும் என்றார் ஆலோசகர். ஆகட்டும் என்றேன். ஏழு வருடம் நிருபனாக எண்களைச் சரிபார்த்துச் சம்பாதித்தவன். கேட்டவுடன் எண்ணை மாற்றுகிறவர்களைப் பற்றி நானே செய்தி எழுதியிருக்கிறேன்.

வண்டியில் ஏறியதும் மகள் சொன்னாள்.

"அடியில நோட்டு போட்டுட்டா அந்த அறுவத்திரெண்டு போயிடுமாப்பா?"

"அது முதல் வகுப்பும்மா."

"யாருக்கு?"

வீட்டில் நடந்ததை ஸ்டெல்லாவிடம் சொன்னேன். வடித்த சோற்றுப் பானையை நிமிர்த்தி வைத்தாள். "அவ கேட்டது அது இல்லீங்க" என்று மட்டும் சொன்னாள்.

புதன்கிழமை மாலை குழுவின் பதில் வந்தது. அங்கீகரிக்கப்பட்ட அளவுகோலின்படி சான்று தரப்படவில்லை. கல்லூரி இணையதளத்தில் அந்தப் பாடத்துக்கு எதிரே 'இடம்: 2' என்று இருந்தது. ஜெசிந்தா அந்தப் பக்கத்தைக் கைபேசியில் திறந்தே வைத்திருந்தாள். சாப்பிடும்போதும் தட்டுக்குப் பக்கத்தில் அது இருந்தது.

5

அன்றைக்கே பிலோமினாவிடம் பேசினேன். அவளுக்கு அது வியாழன் காலை. கெடார் பக்கம் அரசுப் பள்ளியில் தமிழாசிரியை. பேருந்தில் போய்க்கொண்டே பேசினாள். பின்னால் நடத்துநர் யாரையோ உள்ளே தள்ளிப் போகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

நடந்ததைச் சொன்னேன். நம் ஊர் அளவுகோல் இங்கே யாருக்கும் புரியவில்லை என்றேன்.

"எந்த ஊரு அளவுகோலு?" என்றாள்.

"நம்ம ஊருதான்."

"ண்ணா, நான் போன வாரம் திருத்துன கட்டுல தமிழ்ல தொண்ணூத்தெட்டு வாங்குன பொண்ணு, ரெண்டு மார்க்கு எங்க போச்சுன்னு ஸ்டாப் ரூம் வாசல்ல நின்னு அழுவுது. அவங்க அப்பன் மல்லாட்டை வெதைக்கிறத வுட்டுட்டு வந்து என்கிட்ட சண்டை போட்டுட்டுப் போறாரு. அறுவத்திரெண்டு போட்டேன்னு வையி, என்னை ஊர வுட்டே தொரத்திடுவாங்க."

"கட்டுரைக்குக்கூடவா?"

"கட்டுரைக்கும்தான். நீ எந்தக் காலத்துல இருக்க? நீ சொல்ற ஊரு இங்க இல்ல. நீதான் பொட்டியில போட்டு அங்க எடுத்துக்கினு போயிட்ட." சிரித்தாள். பிறகு குரல் தணிந்தது. "அது கெடக்கட்டும். அண்ணி இன்னா மார்க்கு போட்டு வச்சிருக்காங்க?"

"ஸ்டெல்லாவா?"

"பாடம் எடுத்தது அவங்கதான? பரிட்சை வச்சது அவங்கதான? மார்க்கு நோட்டு இருக்குமில்ல? இல்லாத டீச்சரு யாரு இருக்கா?"

கெடார் நிறுத்தம் வந்துவிட்டது. இறங்குகிறேன் என்று வைத்துவிட்டாள்.

திண்டிவனத்தில் நான் வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம் ஒரு விபத்துச் செய்தியில் காயம்பட்டவர் எண்ணிக்கையைத் தவறாக எழுதினேன். விழுப்புரம் அலுவலகத்தில் இருந்த மூத்தவர் ஒருவர் கேட்டது ஒரே கேள்வி: ஆஸ்பத்திரிக்குப் போனியா? போகவில்லை. டீக்கடையில் சொன்னார்கள். அதன் பிறகு ஏழு வருடத்தில் ஆஸ்பத்திரிக்குப் போகாமல் ஒரு எண்ணையும் எழுதியதில்லை.

6

வியாழக்கிழமை காலை ஸ்டெல்லாவிடம் கேட்டேன். பாடம் நடக்கும் அறையில், துணி உலர்த்தும் இயந்திரத்துக்கு மேல் இருந்த அலமாரியைக் கைகாட்டினாள்.

நான்கு நீள நோட்டுகள், வருடத்துக்கு ஒன்று. பழுப்பு அட்டை போட்டு, கான்வென்ட் பள்ளியில் போடுவதுபோல வெள்ளைச் சீட்டு ஒட்டியிருந்தாள். ஒவ்வொரு வெள்ளியும் ஒரு தேர்வு. தேதி, பாடம், மதிப்பெண், ஒரு வரி குறிப்பு. ஜெசிந்தாவுக்குக் காய்ச்சல் என்றால் 'விடுப்பு' என்று எழுதியிருந்தது. ஒரே வீட்டில் பக்கத்து அறையில் படுத்திருந்த பெண்ணுக்கு விடுப்பு. நோட்டுகளுக்கு அடியில் கட்டுரைகள், நூல் கோத்துக் கட்டியவை, இரண்டு சாண் உயரம்.

"இத ஏன் எங்கிட்ட காட்டல?"

"இன்னா எச்.எம். ஐயா, இன்ஸ்பெக்ஷனுக்கு இப்பத்தான் வர்றீங்களா?" என்றாள். சிரிக்கவில்லை. "நீங்க கேக்கவே இல்லியேங்க."

"நீ தூங்கிக்கினு இருப்பேன்னு..."

"எழுப்புனா எழுந்திருக்க மாட்டேனா? அவளுக்குப் பாடம் எடுக்க நாலு வருசமா அஞ்சு மணிக்கே எழுந்துக்கினுதான இருக்கேன். அது தெரியாதா உங்களுக்கு?"

ஆலைக்கு அன்று விடுப்புச் சொன்னேன். தரையில் உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தேன். ஜன்னலுக்கு வெளியே பனி விலகவே இல்லை. பத்து மணி, பதினொன்று, வெளிச்சம் ஒரே அளவில் நின்றது. அந்த வெளிச்சத்தில் என் மகள் எழுதியதை முதன்முறையாகப் படித்தேன். பன்னிரண்டு வயதில் எழுதியவை பள்ளிக் கட்டுரைகள். பதிமூன்றில் வாக்கியம் குட்டையாகிறது. பதினான்கில் எங்கோ ஒரு இடத்தில் யாரையும் பின்பற்றாமல் எழுத ஆரம்பிக்கிறாள். ஸ்டெல்லா அந்தப் பக்கத்தின் ஓரத்தில் தேதியை வட்டமிட்டிருந்தாள்.

ஒரு கட்டுரை திண்டிவனம் பேருந்து நிலையத்தைப் பற்றியது. ஒன்பது வயதில் அரை மணி நேரம் அங்கே நின்றிருக்கிறாள். இங்கே காத்திருக்கும் எல்லோரும் பேருந்து வரும் திசையையே பார்க்கிறார்கள், பக்கத்தில் இருப்பவரை யாரும் பார்ப்பதில்லை, அதனால் கூட்டத்தில் ஒரு சிறுமி எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் எல்லோருடைய முகத்தையும் பார்த்துக்கொண்டே இருக்கலாம் என்று எழுதியிருந்தாள். பத்து வருடம் அந்த இடத்தில் பேருந்து ஏறியவன் நான். எனக்கு அது தெரியாது. நானும் திசையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடியில் சிவப்பு மையில்: 'இரண்டாம் பத்தி வேண்டாம். முடிவு அவசரம். 84.'

இரண்டாம் பத்தியைத் திரும்பப் படித்தேன். வேண்டாம்தான்.

ஸ்டெல்லா தாராளமானவள் இல்லை. 54 இருந்தது. ஒரு இடத்தில் 40கூட இருந்தது, பக்கத்தில் 'அப்பாவின் பேச்சை அப்படியே எழுதியிருக்கிறாய், உன்னுடையது எங்கே?' என்ற குறிப்போடு. நான்கு வருடத்தையும் கூட்டி வகுத்தேன். கட்டுரை 86. நான்கு பாடங்களின் சராசரி 88.

மதியம் மூவரும் சமையலறை மேசையில் உட்கார்ந்தோம். மாநிலத்தின் படிவத்தில் திருத்தம் செய்ய இடம் இருக்கிறது. தலைமை ஆசிரியர் என்ற கட்டத்தில் ஸ்டெல்லாவின் பெயரைத் தட்டினேன்.

"எனக்கு எதுக்குங்க அதெல்லாம்?" என்றாள்.

"செய்தி தப்பா வந்தா அடுத்த நாளு திருத்தம் போடணும். அதே பக்கத்துல."

"அப்ப நீங்க யாரு இந்த ஸ்கூல்ல?"

"வாட்ச்மேன்" என்றாள் ஜெசிந்தா. மூன்று நாளில் அவள் சொன்ன முதல் வேடிக்கை அது.

புதுச் சான்றை ஸ்டெல்லா தன் கையெழுத்தில் முடித்தாள். கூடவே நான் ஒரு பக்கக் கடிதம் எழுதினேன். முதல் சான்றில் இருந்த மதிப்பெண்கள் பாடம் எடுத்தவரைக் கேட்காமல், எழுதியவற்றைப் படிக்காமல் போடப்பட்டவை. தவறு முழுவதும் என்னுடையது. மூன்று நாற்பதுக்கு அனுப்பினோம். கைபேசியில் 'இடம்: 1'.

அனுப்பிய பிறகு ஜெசிந்தா கேட்டாள். "அந்த பஸ் ஸ்டாண்டு கட்டுரையப் படிச்சீங்களாப்பா?"

"படிச்சேன்."

"நீங்க எவ்ளோ போடுவீங்க?"

மேசைக்கு அந்தப் பக்கம் ஸ்டெல்லா பேனாவை மூடிக்கொண்டிருந்தவள் நிறுத்தினாள். என் வாயில் அப்பாவின் 'பரவால்ல' வந்து நின்றது. அதை விழுங்கிவிட்டு, "இப்படி ஒண்ணு நான் எழுதுனதில்லம்மா" என்றேன்.

"மார்க்கு சொல்லுங்க."

"அம்மா போட்டது சரி. எண்பத்திநாலு."

"ரெண்டாவது பாரா?"

"வேண்டாம்."

"ஐயோ, ரெண்டு பேரும் ஒரே பேஜாரு" என்று எழுந்து போனாள். போகும்போது அந்தக் கட்டைக் கையில் எடுத்துக்கொண்டு போனாள்.

7

வெள்ளிக்கிழமை காலை ஒன்பது இருபதுக்குக் கைபேசியில் இடங்களின் எண்ணிக்கை பூஜ்யம் ஆனது. பதினொன்று பதினைந்துக்கு ஆலோசகரின் கடிதம் வந்தது. தகுதி உறுதி செய்யப்பட்டது. வகுப்பு நிரம்பிவிட்டதால் ஜெசிந்தா காத்திருப்போர் பட்டியலில் முதலாவது. வகுப்பில் முப்பது இடம். முதல் நாள் ஆசிரியர் எட்டு பத்துக்கு வருகை எடுப்பார். பதிவு செய்தவர் யாராவது வராமல் இருந்தால் அந்த இடம் பட்டியலில் முதலில் இருப்பவருக்கு. அடுத்த முறை இந்தப் பாடம் ஆகஸ்டில்தான்.

திங்கட்கிழமை ஏழு மணி முப்பத்தோரு நிமிடத்துக்கு வாகன நிறுத்தத்துக்கு வந்து சேர்ந்தோம். அந்தப் பருவத்திலேயே கனமான பனி அன்றுதான். பள்ளிப் பேருந்துகள் இரண்டு மணி நேரம் தாமதம் என்று வானொலி சொன்னது. கல்லூரிக்கு அந்தச் சலுகை இல்லை. வகுப்பு நடப்பது நிறுத்தத்தை ஒட்டிய தகர அறையில். கதவும் அதன்மேல் ஒரு மஞ்சள் விளக்கும் வண்டியிலிருந்தே தெரிந்தன. விளக்கு எதிலும் மாட்டப்படாமல் தொங்குவது போல இருந்தது.

"இந்தப் பனியில யாராச்சும் ஒருத்தர் வர மாட்டாங்கல்ல?" என்றாள்.

"இருக்கலாம்."

"அவங்களுக்கு ஒண்ணும் ஆவக் கூடாது. தூங்கிட்டா போதும்."

கைபேசியில் ஸ்டெல்லாவின் செய்தி. 'செபம் பண்ணலாம்னு உக்காந்தேன். யாரோ பெத்த புள்ள காலேஜுக்கு வரக்கூடாதுன்னு எப்படிங்க மாதாகிட்ட கேக்கறது? சும்மா உக்காந்திருக்கேன்.'

ஜெசிந்தா அதைப் படித்துவிட்டுச் சிரித்தாள். புது நோட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இறங்கினாள். பத்தடிக்குள் பனி அவளை எடுத்துக்கொண்டது. பிறகு மஞ்சள் விளக்குக்கு அடியில் மறுபடியும் தெரிந்தாள். உள்ளே போகாமல் கதவுக்குப் பக்கத்தில் சுவரோடு நின்றாள். பெயர் பட்டியலில் இல்லாதவர்கள் அங்கே நிற்க வேண்டும் போல.

உள்ளே போகும் மாணவர்களை நான் எண்ண ஆரம்பித்தேன்.

ஒவ்வொருவராக வெள்ளையிலிருந்து உருவானார்கள். முதலில் இருட்டு, பிறகு கால், பிறகு முகம். தலைக்கு மேல் சட்டையை இழுத்துவிட்டவர்கள். குவளையில் ஆவி பறக்க ஒருவர். சக்கரநாற்காலியில் ஒருவர். என் வயதிருக்கும் ஒரு பெண், ஆலைச் சீருடையோடு. விளக்குக்கு அடியில் வந்ததும் எல்லோரும் ஒரு கணம் பொன்னிறமாகி, கதவுக்குள் போனார்கள். ஏழு ஐம்பதுக்குப் பதினான்கு. ஏழு ஐம்பத்தெட்டுக்கு இருபத்தைந்து. எட்டு மணிக்கு இருபத்தெட்டு. பிறகு வாகன நிறுத்தம் அடங்கியது. ஈரம் சொட்டும் ஓசை மட்டும். எட்டு இரண்டுக்கு ஒரு கார்க் கதவு சாத்தியது. இருபத்தொன்பது.

அதன் பிறகு யாரும் வரவில்லை. எட்டு மூன்று. எட்டு நான்கு. மகள் என் பக்கம் திரும்பினாள். அவளால் என்னைப் பார்த்திருக்க முடியாது. ஆனாலும் பார்த்தாள். கையை உயர்த்தி ஒரு விரலைக் காட்டினாள்.

எட்டு மணி ஆறு நிமிடத்துக்கு முப்பதாவது ஆள் வந்தார். விளக்குக்கு அடியில் மகள் உயர்த்திய விரலை மடக்கினாள்.